குடல் புற்றுநோய் ஆபரேஷனில் லீக் ஆனால், பின்னாளில் என்ன ஆகும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடலின் இடது பக்கக் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தன. குடலை இணைத்த இடத்தில் லீக் என்று சொல்லி மறுபடியும் வயிற்றைத் திறந்தார்கள். இணைப்பைப் பிரித்து, மலம் வெளியேற வயிற்றில் பை வைத்தார்கள். ஒன்பது நாள் ஐசியூ. வெட்டியெடுத்த குடலின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் மூன்றாம் ஸ்டேஜ்: டி3 (கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருக்கிறது), இரண்டு நெறிக்கட்டிகளில் நோய். இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது, கீமோ இன்னும் தொடங்கவில்லை. "லீக் ஆனதால் கேன்சர் திரும்பி வருமா? ஆயுள் குறையுமா? வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தால் இது நடந்திருக்காதா?" என்று மகள் கேட்கிறார்.

நான் குடல் அறுவை செய்பவன். என் கையால் இணைத்த குடலும் கசிந்திருக்கிறது. இந்தக் கேள்வியை வார்டில் நின்றுகொண்டு எதிர்கொண்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். ஆமாம், பாதிப்பு உண்டு. பெரிய சிக்கல் வந்தவர்களைக் கூட்டாக எடுத்துப் பார்த்தால், சிக்கல் வராதவர்களைவிட நீண்டகால ஆயுள் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "கொஞ்சம்" நீங்கள் பயப்படுகிற அளவு பெரிதில்லை. அதைவிட முக்கியமாக, அந்தப் பாதிப்பின் ஒரு பகுதி இன்னும் நடந்து முடியவில்லை. அடுத்த மூன்று நான்கு வாரங்களில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது கூடலாம், குறையலாம். நான் எழுத வந்ததே அதற்காகத்தான்.

சிக்கல் என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். தையல் போட்ட இடத்தில் லேசாகச் சீழ் வைப்பதும் சிக்கல், குடல் கசிந்து ஐசியூவுக்குப் போவதும் சிக்கல். இரண்டும் பின்னாளில் ஒரே மாதிரி விளைவைத் தராது. அதனால்தான் 2004 முதல் உலகம் முழுக்க கிளேவியன்-டிண்டோ என்ற தரவரிசையைப் பயன்படுத்துகிறோம். அதில் ஐந்து படிகள். வழக்கமான பராமரிப்பிலேயே சரியாவது முதல் படி. ஆன்டிபயாடிக் அல்லது ரத்தம் ஏற்றுவது போன்றவை தேவைப்பட்டால் இரண்டாவது. மறுபடி ஆபரேஷனோ, ஸ்கேன் பார்த்துக் குழாய் போட்டுச் சீழ் எடுப்பதோ தேவைப்பட்டால் மூன்றாவது. ஐசியூ வேண்டிய அளவு உயிருக்கு ஆபத்து என்றால் நான்காவது. மரணம் ஐந்தாவது. முதல் இரண்டு படிகளில் நின்றுவிட்டவர்களுக்குப் பின்னாளைய பாதிப்பு பெரும்பாலும் சிறியது. மூன்றுக்கு மேலே போனவர்களைப் பற்றித்தான் கவலை. உங்கள் அம்மா நான்காவது படி வரை போய்த் திரும்பியவர்.

இனி லீக் என்றால் என்ன என்பது. நோயுள்ள குடல் துண்டை எடுத்த பிறகு இரண்டு முனைகளையும் தையலாலோ ஸ்டேப்ளராலோ இணைக்கிறோம். அந்த இணைப்பு ஒட்டி ஆற நல்ல ரத்த ஓட்டம் வேண்டும், இழுவை இருக்கக் கூடாது, உடம்பில் சத்து இருக்க வேண்டும். எங்கோ ஒரு மில்லிமீட்டர் ஆறாமல் போனால் குடலுக்குள் இருப்பது வயிற்றுக்குள் கசிகிறது. பெருங்குடல் இணைப்புகளில் இது நூறில் மூன்று முதல் ஆறு பேருக்கு வருகிறது. மலக்குடலில் இணைப்பு கீழே போகப்போக இன்னும் அதிகம், நூறில் பத்தைத் தாண்டுவதும் உண்டு. புகை, அதிக மது, சத்துக்குறைவு, ஸ்டீராய்டு மருந்து, ஆபரேஷனுக்கு முன் கொடுத்த கதிர்வீச்சு, அவசர ஆபரேஷன், இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். ஆண்களுக்கு இடுப்பு எலும்புக்கூடு குறுகலாக இருப்பதால் மலக்குடல் இணைப்பில் கசிவு அதிகம். இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஒருவருக்கும், எல்லாம் சரியாகச் செய்த கைக்கும், கசிவு வருகிறது. "யாரோ தப்பு செய்துவிட்டார்கள்" என்ற முடிவுக்கு உடனே போக வேண்டாம். தவறு நடந்திருக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். கசிவு வந்தது மட்டுமே தவறுக்குச் சாட்சியம் ஆகாது, அவ்வளவுதான்.

மருத்துவமனை பற்றிய உங்கள் வருத்தத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2009-ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வு, இறப்பு விகிதம் குறைவான மருத்துவமனைகளையும் அதிகமான மருத்துவமனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு பக்கமும் சிக்கல் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, நாலில் ஒருவர். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் இருந்தது. பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 12.5 சதவீதம், இன்னொரு பக்கம் 21.4 சதவீதம். அதாவது நல்ல மருத்துவமனையிலும் சிக்கல் வருகிறது. அங்கே அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து ஆளை மீட்டுவிடுகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு ஆறாம் நாள் காய்ச்சல் வந்ததும் ஸ்கேன் எடுத்து, தள்ளிப்போடாமல் வயிற்றைத் திறந்து, இணைப்பைக் காப்பாற்ற முயன்று நேரத்தை வீணாக்காமல் பை வைத்திருக்கிறார்கள். அந்த முடிவு அவரைக் காப்பாற்றியது. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தைப் பற்றி உங்களையே குறைசொல்லிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

சரி, நீண்டகாலம். இதைப் பற்றிய முதல் பெரிய எச்சரிக்கை 2005-ல் வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்டு வகைப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். குடல் ஆபரேஷனும் அதில் ஒன்று. முதல் 30 நாளில் ஒரு சிக்கல் வந்திருந்தால், அந்தக் கூட்டத்தின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் உயிரோடு இருக்கும் வரையிலான காலம்) 69 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளி முன்பே எவ்வளவு பலவீனமாக இருந்தார் என்பதைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அறுவை மருத்துவர்கள் பலர் தங்கள் பழக்கங்களை மாற்றிக்கொள்ள அந்த ஆய்வும் ஒரு காரணம். அதுவரை "டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார், தப்பித்துவிட்டார்" என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த 69 என்ற எண்ணை உங்கள் அம்மாவின் மேல் அப்படியே வைக்கக் கூடாது. அது பெரும்பாலும் வயதான ஆண்கள், வேறு வேறு ஆபரேஷன்கள், வேறு வேறு நோய்கள் கலந்த கூட்டம்.

குடல் புற்றுநோயில் லீக் பற்றி மட்டும் பார்த்த தொகுப்பாய்வு 2011-ல் வந்தது. 21 ஆய்வுகள், 21,902 நோயாளிகள். மலக்குடல் இணைப்பு கசிந்தவர்களுக்கு, நோய் அதே இடத்தில் திரும்புவதற்கான ஒப்பு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. புற்றுநோயால் இறப்பதற்கான ஒப்பு வாய்ப்பு 1.75 மடங்கு. தொலைவான உறுப்புகளில் நோய் வருவது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் இருந்தது.

1.75 என்றதும் நிறையப் பேர் "75 சதவீதம் பேர் இறந்துவிடுவார்கள்" என்று படித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. கணக்குக்காக மட்டும் ஒன்று சொல்கிறேன். லீக் ஆகாத நூறு பேரில் ஐந்து வருடத்தில் 25 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பு வாய்ப்பு என்பது இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் உள்ள விகிதத்தை வைத்துச் சொல்வது, இங்கே 25-க்கு 75. அந்த விகிதம் 1.75 மடங்கானால் லீக் ஆன நூறு பேரில் இறப்பு சுமார் 37 ஆகும், 25-ஐ நேராக 1.75-ஆல் பெருக்கக் கூடாது. இது சின்ன வித்தியாசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அப்போதும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்திருக்கிறார்கள். நெறிக்கட்டி எத்தனை, கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம், ஓரங்கள் சுத்தமாக வந்ததா என்பவைதான் ஒருவரின் எதிர்காலத்தை இன்னும் அதிகம் தீர்மானிக்கின்றன. லீக் அதன் மேல் ஏறும் கூடுதல் சுமை.

டென்மார்க்கில் நாடு முழுவதும் பதிவேடு வைத்து, மலக்குடல் இல்லாமல் பெருங்குடல் புற்றுநோய்க்கு மட்டும் பார்த்தார்கள். 2014-ல் வெளியானது, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். உங்கள் அம்மாவுக்கு அதுதான் நெருக்கமான ஆய்வு. அதில் அதே இடத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. தொலைவில் திரும்புவது நாற்பது சதவீதம் போலக் கூடியிருந்தது, நீண்டகால இறப்பு இருபது சதவீதம் கூடியிருந்தது. இதுவும் ஒப்பீட்டுக் கணக்குதான், முன்பு சொன்ன மாதிரியே படிக்க வேண்டும். ஆனால் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் உறைத்தது வேறொன்று. லீக் ஆனவர்களில் கீமோ கிடைத்தவர்களே குறைவு, கிடைத்தவர்களுக்கும் தாமதமாகத்தான் கிடைத்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரே காரணம் கிடையாது. குடலுக்குள் கட்டியிலிருந்து உதிர்ந்த உயிருள்ள புற்றுச் செல்கள் கசிவோடு சேர்ந்து வெளியே வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒரு விளக்கம். மலக்குடலில் அதே இடத்தில் நோய் திரும்புவது கூடுவதை இது ஓரளவு விளக்குகிறது. இரண்டாவது, வீக்கமும் தொற்றும். வயிற்றுக்குள் சீழ் இருக்கும்போது உடம்பு புண்ணை ஆற்றுவதற்காக வெளியிடும் வேதிப்பொருட்களில் பல, புதிய ரத்தக்குழாய் வளரவும் செல்கள் பெருகவும் உதவுபவை. ஏற்கெனவே எங்கோ ஒளிந்திருக்கும் நுண்ணிய புற்றுச் செல்களுக்கு அது உரம் மாதிரி. அதே சமயம் அந்தச் செல்களைத் தேடி அழிக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி, பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் மந்தமாக இருக்கும். தொற்று வந்தால் அந்த மந்தம் நீள்கிறது. மூன்றாவது, உடம்பு கரைவது. பத்து நாள் ஐசியூ படுக்கையில் இழக்கும் தசையைத் திரும்பச் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

நான்காவது ஒன்றையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. லீக் ஆகிறவர்களில் பலர் ஏற்கெனவே பலவீனமானவர்கள்: இதய நோய், சர்க்கரை, புகை, சத்துக்குறைவு, அடைத்துக்கொண்ட பெரிய கட்டி. லீக் இல்லாவிட்டாலும் அவர்களுடைய ஆயுள் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழிக்கப் பார்க்கிறார்கள், முழுதாகக் கழிக்க முடியாது. யாருக்கும் வேண்டுமென்றே லீக் உண்டாக்கி ஆய்வு செய்ய முடியாதே. ஆகவே இந்த எண்களில் ஒரு பங்கு லீக்கினால் வந்தது, இன்னொரு பங்கு லீக் யாருக்கு வந்தது என்பதால் வந்தது. வேறு பெரிய நோய் இல்லாத 61 வயது அம்மாவுக்கு, இந்தக் கூட்டத்தின் சராசரி கொஞ்சம் இருட்டாகவே படம் காட்டும் என்பது என் எண்ணம்.

இந்தக் காரணங்களில் உதிர்ந்த செல்களை இனி ஒன்றும் செய்ய முடியாது. நடந்த வீக்கம் நடந்ததுதான். மிச்சம் இரண்டு: கீமோ எப்போது தொடங்குகிறது, உடம்பு எவ்வளவு தேறுகிறது. இரண்டும் இன்னும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவையும்கூட, தேறாத உடம்பில் கீமோ கொடுக்க முடியாது.

மூன்றாம் ஸ்டேஜில் ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ கொடுப்பது, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் சிதறியிருக்கக்கூடிய செல்களை அழிப்பதற்காக. வழக்கமாக நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்போம். 2011-ல் பத்து ஆய்வுகளைத் தொகுத்து, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைப் பார்த்தபோது, ஒவ்வொரு நான்கு வாரத் தாமதத்துக்கும் இறப்பு அபாயம் சுமார் 14 சதவீதம் கூடுவது தெரிந்தது. எட்டு வாரம் என்பது கதவு மூடிவிடும் நாள் அல்ல. பன்னிரண்டாவது வாரத்தில் தொடங்கியவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கிறது, குறைந்த அளவில். "நேரம் போய்விட்டது, இனி எதற்கு" என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு.

உங்களுக்கு இப்போது ஐந்து வாரம். நான் பார்க்கிற தாமதங்களில் பாதிக்கு மருத்துவக் காரணமே இருக்காது. அறுவைப் பிரிவு "புண் முழுசா ஆறட்டும்" என்று சொல்லும், கீமோ மருத்துவர் "சர்ஜன் ஓகே சொல்லட்டும்" என்று காத்திருப்பார், குடும்பம் "உடம்பு தேறினபிறகு போகலாம்" என்று வீட்டில் இருக்கும். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் காத்திருந்து மூன்று வாரம் போய்விடும். எனவே இந்த வாரமே கீமோ மருத்துவரைப் பாருங்கள். பார்ப்பது என்றால் அன்றே தொடங்குவது என்று அர்த்தமில்லை. அவர் என்னவெல்லாம் எதிர்பார்க்கிறார், எந்தத் தேதியைக் குறிவைக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான்.

கீமோவை உண்மையிலேயே தடுப்பவை சில. வயிற்றுக்குள் இன்னும் சீழ் இருப்பது, காய்ச்சல் தொடர்வது, சாப்பிட முடியாமல் எடை குறைந்துகொண்டே போவது, பகலில் பாதி நேரம் படுக்கையிலேயே இருப்பது. சிறுநீரகமோ கல்லீரலோ இன்னும் சரியாகாமல் இருந்தாலும் காத்திருக்க வேண்டும். சீழ் இல்லை என்று உறுதிசெய்ய ஒரு ஸ்கேன் கேட்கலாம். தடுக்காதவை எவை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளில் குழப்பம் இங்கேதான். பை இருப்பது தடையில்லை. மேலாக, சுத்தமாக, கீழிருந்து ஆறிக்கொண்டு வரும் வயிற்றுப் புண் எப்போதும் தடையாகிவிடாது, மருத்துவர் ஒருமுறை பார்த்து முடிவு செய்வார். சோர்வு இருப்பது மட்டுமே தடையில்லை.

மருந்து எவ்வளவு காலம் என்பதிலும் இடம் இருக்கிறது. முன்பெல்லாம் எல்லாருக்கும் ஆறு மாதம். 2018-ல் ஐடியா என்ற பெரிய கூட்டு ஆய்வு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் மூன்று மாதத்தையும் ஆறு மாதத்தையும் ஒப்பிட்டது. டி1 முதல் டி3 வரை, மூன்று நெறிக்கட்டிக்குள் நோய் உள்ளவர்களுக்கு, கேப்சைட்டபின் மாத்திரையும் ஆக்ஸாலிபிளாட்டின் ஊசியும் சேர்ந்த முறையில் மூன்று மாதமே ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. கை கால் மரத்துப்போகும் தொல்லையும் வெகுவாகக் குறைந்தது. நீங்கள் சொன்ன ரிப்போர்ட்டின்படி அம்மா அந்தப் பிரிவில் வருகிறார். உடம்பு ரொம்பத் தளர்ந்திருந்தால் ஆக்ஸாலிபிளாட்டினை விட்டுவிட்டு ஒற்றை மருந்தோடு தொடங்குவதும் உண்டு. லீக் ஆனவருக்கு எது பொருந்தும் என்பது கீமோ மருத்துவரின் முடிவு. ஆனால் "முழு டோஸ் ஆறு மாதம், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை" என்ற எண்ணத்தில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கீமோ தொடங்கியபின் ஒன்றை மறக்காதீர்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ராத்திரி எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாருக்கும் இதே விதிதான், ஆனால் ஏற்கெனவே வயிற்றுத் தொற்றிலிருந்து எழுந்தவருக்கு இன்னும் கண்டிப்பாக. பையில் தண்ணீராகப் போவது அதிகரித்தாலும் உடனே சொல்லுங்கள். கேப்சைட்டபின் வயிற்றுப்போக்கு தரும், நீர் வற்றினால் சிறுநீரகம் அடிபடும், அப்புறம் அடுத்த சுற்று தள்ளிப்போகும். சிறுகுடலில் பை வைத்தவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. அம்மாவுக்குப் பெருங்குடலில்தான் பை என்பதால் கொஞ்சம் நிம்மதி.

உடம்பைத் தேற்றுவது பற்றி. சாப்பாட்டில் முதலிடம் புரதத்துக்கு. புண் ஆற, தசை சேர, எதிர்ப்புச் சக்தி மீள, எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் என்பது புற்றுநோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வேளை நிறையச் சாப்பிட முடியாதவர் ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். குடலில் தொற்று வந்து போனவர்களுக்கு மாத்திரை பல நேரம் சேர்வதில்லை.

நடக்க வையுங்கள். "பாவம், இவ்வளவு பட்டுவிட்டாள், படுத்து ஓய்வெடுக்கட்டும்" என்று அன்பினால் சொல்கிறோம். அந்த ஓய்வு தசையைத் தின்னும். இன்று அறைக்குள் நடந்தால் போதும், ஒரு வாரத்தில் வாசல் வரை, அப்புறம் பத்து நிமிடம், இருபது நிமிடம். உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை ஐந்து முறை, பத்து முறை செய்யச் சொல்லுங்கள். தொடைத் தசை திரும்ப அதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியாது. பை இருக்கும் வயிறு என்பதால் கனமான பொருள் தூக்க வேண்டாம்.

இதை ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. சேலஞ்ச் என்ற ஆய்வு 2025-ல் வெளியானது. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்று வருடம் பயிற்றுநரின் துணையோடு உடற்பயிற்சி, மறுபாதிக்கு ஆலோசனைக் கையேடு மட்டும். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஐந்து வருடத்தில் நோயில்லாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதம், மறு பிரிவில் 73.9 சதவீதம். எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதமும் 83.2 சதவீதமும். பெரும்பாலானவர்கள் செய்தது வேகமான நடை போன்ற சாதாரணப் பயிற்சிதான். லீக் பறித்துக்கொண்ட சில சதவீதத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். அதே அளவு சதவீதத்தைக் காலால் நடந்து திரும்பப் பெற வழி இருக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையில் சமீபத்தில் கிடைத்த மிகப் பெரிய நம்பிக்கை. கீமோ முடிந்தபின் இதை மருந்துச் சீட்டில் எழுதியதைப் போல எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அன்றாட வாழ்க்கையும் இதில் அடிபடுகிறது. இரண்டு முறை திறந்த வயிறு, தொற்று வந்த தையல்: இப்படிப்பட்டவர்களுக்கு தழும்பின் வழியே ஹெர்னியா வருவது சகஜம். பை வைத்த இடத்தைச் சுற்றியும் வரும். வயிற்றுக்குள் குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எப்போதாவது அடைப்பு வரலாம். வயிறு உப்பி, வாந்தி வந்து, பையில் ஒன்றுமே வராமல் போனால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மனசும் அடிபடும். ஐசியூவில் இருந்து வந்தவர்களுக்குக் கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை மாதக்கணக்கில் இருக்கலாம். பையைப் பார்த்து அருவருப்படைந்து வெளியே வராமல் இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பை பராமரிப்பில் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அந்த மாற்றம் பிரமிக்க வைக்கும்.

அடுத்து கண்காணிப்பு. நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. (குடல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனையும், இடையிடையே சிடி ஸ்கேனும், ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபியும் (குழாய் விட்டுப் பெருங்குடலை உள்ளே பார்ப்பது). ஆபரேஷனுக்கு முன் குடல் முழுவதையும் பார்க்க முடியாமல் போயிருந்தால் ஒரு வருடம் காத்திருக்காமல் முன்னதாகவே பார்க்க வேண்டும், அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். லீக் ஆனவர்களுக்கு ஒரு தனித் தொந்தரவு உண்டு. சீழ் இருந்த இடத்தில் பின்னால் தடித்த தழும்பு உருவாகும். ஸ்கேனில் அதைப் பார்த்து "மறுபடி கட்டியோ" என்று சந்தேகம் எழுதிவிடுவார்கள். கீமோ முடிந்ததும் எடுக்கும் முதல் ஸ்கேனை அடிப்படையாக வைத்து, அடுத்தடுத்தவற்றை அதோடு ஒப்பிட்டால் வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பது தெரியும். எல்லா ஸ்கேன் சிடிகளையும், இரண்டு ஆபரேஷன் குறிப்புகளையும், பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் லீக் பற்றித் தெளிவாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரக் கேளுங்கள். மூன்று வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அந்த ஸ்கேனைப் பார்க்கும்போது அந்த ஒரு வரி தேவையில்லாத பயத்தைத் தவிர்க்கும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஆபரேஷன் இனிமேல்தான் இருக்கும். அவர்களுக்கு ஒரு பத்தி. ஆபரேஷனுக்கு முன்னால் கிடைக்கும் மூன்று நான்கு வாரத்தைக் கவலைப்பட்டே கழிக்காதீர்கள். 2023-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வில், நான்கு வாரம் உடற்பயிற்சி, சத்துணவு, மன ஆதரவு, புகையை விட உதவி எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோது கடுமையான சிக்கல் 29.7 சதவீதத்திலிருந்து 17.1 சதவீதமாகக் குறைந்தது. மலக்குடலில் மிகக் கீழே இணைப்பு என்றால் தற்காலிகப் பை பற்றி மருத்துவர் பேசுவார், மறுக்காதீர்கள். 2007-ல் ஸ்வீடனில் நடந்த ஆய்வில் பை வைக்காதவர்களுக்கு 28 சதவீதமும் வைத்தவர்களுக்கு 10.3 சதவீதமும் அறிகுறியோடு கூடிய லீக் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாம், நான்காம் நாளில் சி.ஆர்.பி. (உடம்பில் வீக்கம், தொற்று இருப்பதைக் காட்டும்) ரத்தப் பரிசோதனை இறங்குமுகமாக இருந்தால் பெரிய நிம்மதி. ஏறுமுகமாக இருந்தால் வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள்.

கடைசியாக, உங்கள் அம்மாவின் பை. எல்லாரும் முதலில் கேட்பது "எப்போ எடுப்பாங்க?" என்பதுதான். இதற்காகக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம். கீமோ முடிந்து, ஸ்கேன் சுத்தமாக இருந்து, எடையும் தசையும் திரும்பி, வயிற்றுக்குள் ஒட்டல்கள் இளகிய பிறகு செய்வதே பாதுகாப்பு. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், சில நேரம் ஒரு வருடம். அது சின்ன ஆபரேஷன் கிடையாது, மறுபடி ஒரு குடல் இணைப்பு, மறுபடி லீக் ஆகும் வாய்ப்பு உண்டு. நன்றாகத் தேறி, பையோடு பழகி, "போதும் சார், இன்னொரு தடவை வேண்டாம்" என்று சொன்னவர்களும் என்னிடம் இருக்கிறார்கள், அதுவும் சரியான முடிவுதான். அதை ஒரு வருடம் கழித்து அம்மாவே சொல்லட்டும். இந்த வாரம் கீமோ மருத்துவரின் அப்பாயின்ட்மென்டை வாங்கிவிடுங்கள்.